பிஎச்பி தளத்தில் பதிவும் லாகினும்: சொந்தமாக எழுதலாமா, ஆயத்தமானதைப் பொருத்தலாமா?

“தம்பி, தளம் நன்றாக ஓடுகிறது. ஆட்கள் பதிவுசெய்து உள்ளே வருகிற மாதிரி ஒரு லாகின் மட்டும் போட்டுக் கொடுங்கள்.” புதுச்சேரியிலும் கடலூரிலும் பிஎச்பி என்ற இணையதள நிரல்மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கோரிக்கை புதிதல்ல. கேட்பவர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு பெட்டிகளும் ஒரு பொத்தானும். பொத்தானுக்குப் பின்னால் நீளமான வேலை இருக்கிறது. மின்னஞ்சல் உண்மையானதா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்தவரை மீண்டும் உள்ளே விட வேண்டும். ஊகித்து ஊகித்து நுழையப் பார்ப்பவரைத் தடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை முடக்க வேண்டும்.

லாகின் பக்கத்தை எவ்வளவு சீக்கிரம் எழுதி முடிக்கலாம் என்பதை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடவுச்சொல் மறந்தவரை யார் கவனிப்பார்கள்? ஐந்து ஆண்டுகள் கழித்து இந்த நிரலை யார் புதுப்பிப்பார்கள்? இந்த இரண்டு கேள்விகளால்தான் ஒவ்வொரு வழியையும் இங்கே எடைபோடுகிறேன்.

நம் பக்கத்து இடங்கள் இரண்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்று, பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவரின் சரக்குக் கணக்கு. பழைய பிஎச்பி நிரல், பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங், பயன்படுத்துவோர் கடை ஊழியர்கள் சிலர் மட்டுமே. மற்றொன்று, புதுச்சேரிப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர் சங்கம். அதன் உறுப்பினர்கள் லாஸ்பேட்டையிலும் இருப்பார்கள், பாரிசிலும் இருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தாது.

எந்த வழியையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி: பதிவுப் பக்கம் தேவையா? முந்திரிக் கடைக்குத் தேவையில்லை. முதலாளியோ கணக்காளரோ ஊழியருக்கு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தால் போதும். பதிவுப் பக்கம் இல்லையென்றால் போலிக் கணக்குகள் இல்லை, மின்னஞ்சல் சரிபார்ப்பு இல்லை, தானியங்கி நிரல்களைத் தடுக்கும் புதிர்ப் பெட்டியும் இல்லை. பாதி வேலை அங்கேயே குறைகிறது. பலர் இதைக் கேட்காமலேயே பதிவுப் பக்கத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

கையால் எழுதுவது

பிஎச்பி 5.5 வெளிவந்த 2013 முதல் பாஸ்வேர்ட்_ஹாஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை என்ற இரண்டு ஃபங்ஷன்கள் மொழிக்குள்ளேயே இருக்கின்றன. கடவுச்சொல்லை, அசலுக்குத் திரும்ப முடியாத ஹாஷ் என்ற வடிவமாக்குவதும் பிறகு ஒப்பிடுவதும் இவற்றின் வேலை. ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் சால்ட் என்ற தனித்தனித் தற்செயல் எழுத்துகளைச் சேர்ப்பதையும், ஹாஷை வேண்டுமென்றே மெதுவாகக் கணக்கிடுவதையும் அவையே பார்த்துக்கொள்கின்றன. இயல்பாக அவை எடுத்துக்கொள்வது பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையை. அதன் உழைப்பு அளவு நீண்ட காலம் 10 ஆக இருந்தது. 2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4 அதை 12 ஆக்கியது. ஒரு படி ஏறினால் உழைப்பு இரட்டிப்பாகும், ஆகவே இது நான்கு மடங்கு உயர்வு. பழைய ஹாஷ்களைப் பற்றிக் கவலை வேண்டாம். பாஸ்வேர்ட்_நீட்ஸ்_ரீஹாஷ் என்ற மூன்றாவது ஃபங்ஷன் இருக்கிறது. பயனர் அடுத்த முறை சரியான கடவுச்சொல்லோடு வரும்போது அந்த ஃபங்ஷனைக் கேட்டு, புதிய அளவில் மறுபடி ஹாஷ் செய்து சேமித்துவிடலாம். தரவுத்தள அட்டவணையில் ஹாஷை வைக்கும் பத்திக்கு 255 எழுத்து இடம் விட்டுவைப்பது நல்லது.

இவ்வளவு வசதி இருந்தும் எம்டி5 என்ற ஹாஷ் முறையைப் பயன்படுத்தும் பழைய பாடங்களைப் பார்த்து எழுதப்பட்ட லாகின்கள் நம் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது வருத்தம் தருகிறது. எம்டி5 வேகத்துக்காகச் செய்யப்பட்டது. ஒரு நல்ல கிராபிக்ஸ் அட்டை நொடிக்குப் பல ஆயிரம் கோடி எம்டி5 ஹாஷ்களைப் போட்டுப் பார்த்துவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேச அந்தப் பாடங்கள் சொல்லித்தந்த பழைய ஃபங்ஷன்கள் 2015 டிசம்பரில் வெளியான பிஎச்பி 7 இலேயே நீக்கப்பட்டுவிட்டன. பிஎச்பியின் தரவுத்தள இணைப்பான பிடிஓ வழியாக, மதிப்புகளைத் தனியே அனுப்பும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டோடு எழுதுவதே இன்றைய முறை.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்காக ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும்; ஆங்கிலப் பாடங்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஆங்கில எழுத்து ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு இது பெரிய எல்லை. எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். குறி ஏறும் எழுத்தில் மெய்க்கு ஒன்று, அதன் மேல் ஏறும் குறிக்கு ஒன்று என்று இரண்டு குறியீடுகள் சேரும். கடலூரின் திருப்பாதிரிப்புலியூரை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது 11 எழுத்து, கணினிக்கு 22 குறியீடுகள், 66 பைட்டுகள். மீதி இருப்பது ஆறு பைட். ஒருவர் ‘திருப்பாதிரிப்புலியூர்பாடலீஸ்வரர்’ என்று நீளமாகக் கடவுச்சொல் வைத்தால், ‘பா’வோடு எல்லை முடிந்துவிடும். ‘திருப்பாதிரிப்புலியூர்பாண்டியன்’ என்று தட்டினாலும் கதவு திறக்கும். பயனர் தன் கடவுச்சொல் மிகப் பலமானது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இதற்கு எளிய தீர்வு, நீளத்தை எம்பி_ஸ்டர்லென் கொண்டு எழுத்தில் அளக்காமல் ஸ்டர்லென் கொண்டு பைட்டில் அளந்து, 72ஐத் தாண்டினால் பதிவின்போதே சொல்லிவிடுவது. அல்லது பிஎச்பி 7.3 முதல் கிடைக்கும் ஆர்கான்2ஐடி என்ற ஹாஷ் முறைக்கு மாறலாம். அதற்கு இந்த எல்லை இல்லை. ஆனால் உங்கள் ஹோஸ்டிங்கில் உள்ள பிஎச்பி அந்த ஆதரவோடு கட்டப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ‘பொங்கல்’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஹாஷ் மட்டும் மாறிவிடும். கைபேசியில் வைத்த கடவுச்சொல் அலுவலகக் கணினியில் ஏற்கப்படாமல் போக இது போதும். பிஎச்பியின் இன்டில் நீட்சியில் உள்ள நார்மலைசரைக் கொண்டு, ஹாஷ் செய்வதற்கும் சரிபார்ப்பதற்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

உள்ளே வந்தவரை அடுத்தடுத்த பக்கங்களிலும் தளம் நினைவில் வைக்க உதவும் செஷன் பக்கம் வருவோம். கடவுச்சொல் சரி என்றானதும் செஷன்_ரீஜெனரேட்_ஐடி கொண்டு செஷன் எண்ணை மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் தாக்குபவர் முன்கூட்டியே தந்துவைத்த எண்ணோடு பயனர் உள்ளே போவார். பின்னாலேயே தாக்குபவரும் போவார். அந்த எண்ணை உலாவியில் வைக்கும் குக்கீ எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் போகும்படியும், ஜாவாஸ்கிரிப்ட் கையில் சிக்காதபடியும், வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு ஒட்டிக்கொள்ளாதபடியும் அமைக்க வேண்டும். பிஎச்பியில் செஷன் தரவின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணிவிட்டு வரும் ஊழியர் மறுபடி லாகின் பக்கத்தைப் பார்த்து எரிச்சலடைவதற்கு இந்த எண் காரணமாக இருக்கக்கூடும். வேலையின் போக்கைப் பார்த்து அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

தவறான முயற்சிகளை எண்ணித் தடுப்பதும் உங்கள் பொறுப்பே. ஐபி முகவரியை மட்டும் வைத்துத் தடுத்தால், ஒரே இணைப்பில் இருக்கும் கல்லூரி விடுதி முழுவதும் ஒருவரது தவறுக்காக வெளியே நிற்கும். கைபேசி நிறுவனங்களும் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. பயனர் பெயரையும் ஐபியையும் சேர்த்து எண்ணுவதே சரி.

இவ்வளவையும் தானே எழுதிப் பராமரிக்க முடியுமா? முந்திரிக் கடைக்கு முடியும் என்றே சொல்வேன். பதிவுப் பக்கம் இல்லை. கடவுச்சொல் மறந்தவருக்கு முதலாளி தற்காலிகமாக ஒன்றைக் கொடுப்பார், அடுத்த லாகினில் அதை மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்தால் மின்னஞ்சல் மீட்பும் தேவையில்லை. எஞ்சுவது ஒரு சிறிய நிரல். அதை இன்னொருவர் ஒரே அமர்வில் படித்துப் புரிந்துகொள்ளலாம். பொதுமக்கள் தாமாகப் பதிவுசெய்யும் தளம் என்றால் என் விடை மாறிவிடும்.

மின்னஞ்சல் மீட்பு என்னும் இடறல்

கையால் எழுதப்பட்ட லாகின்களில் பலவீனம் பெரும்பாலும் ஒளிந்திருப்பது ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற இணைப்பில்தான். மீட்பு இணைப்பில் வைத்து அனுப்பும் ரகசிய எழுத்துக்கோவையான டோக்கனை ரேண்டம்_பைட்ஸ் கொண்டு உருவாக்க வேண்டும். நேரத்தையோ பயனர் எண்ணையோ கலந்து செய்யக் கூடாது. தரவுத்தளத்தில் அந்த டோக்கனின் ஹாஷை மட்டும் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்டதும் அது செல்லாததாக வேண்டும், காலக்கெடுவும் வேண்டும். அந்த மின்னஞ்சல் பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் ஒரே பதில் வர வேண்டும். இல்லாவிட்டால் யார் யார் உறுப்பினர் என்பதை வெளியாள் தெரிந்துகொள்வார்.

மடல் போய்ச் சேருவது தனிப் பிரச்சினை. பிஎச்பியின் மெயில் ஃபங்ஷனை அப்படியே நம்பினால் மடல் ஸ்பாம் பெட்டிக்குப் போகும், அல்லது எங்கும் போகாது. 2024 பிப்ரவரி முதல், தனக்கு மடல் அனுப்பும் எல்லா டொமைனுக்கும், மடல் அங்கிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு இருக்க வேண்டும் என்று ஜிமெயில் கேட்கிறது. மின்னஞ்சல் மீட்பு வைக்கும் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது. கூகுள் லாகின் மட்டும் வைத்தால் தப்பலாம். அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

லைப்ரரி ஒன்றைப் பொருத்துவது

லைப்ரரி என்பது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல். ஏற்கெனவே ஓடும், ஃபிரேம்வொர்க் (தளம் முழுவதையும் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகம்) இல்லாத தளத்துக்கு இது நல்ல நடுவழி. டிலைட்-ஐஎம் வெளியிட்டுள்ள பிஎச்பி-ஆத் லைப்ரரியை, லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவியான கம்போசர் வழியாக இறக்கி, அதோடு வரும் அட்டவணைகளைத் தரவுத்தளத்தில் ஏற்றினால் போதும். பதிவு, மின்னஞ்சல் சரிபார்ப்பு, மீட்பு, முயற்சிக் கட்டுப்பாடு, பொறுப்புகளைப் பிரிப்பது, நினைவில் வைத்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கின்றன. மடலை அது தானே அனுப்பாது. டோக்கனை உங்களிடம் தந்துவிடும். பிஎச்பிமெயிலர் போன்ற ஒன்றால் நீங்கள் அனுப்ப வேண்டும். பக்கங்களின் தோற்றத்தில் அது தலையிடாது என்பதால் பழைய தளத்தின் வடிவம் கெடாது.

அதன் கணக்குகள் மின்னஞ்சலை மையமாகக் கொண்டவை. மின்னஞ்சலே இல்லாத கிடங்கு ஊழியருக்கு அது இடிக்கும். முந்திரிக் கடைக்குக் கையால் எழுதுவதைச் சொன்னதற்கு இதுவும் காரணம். சிறிய குழு பராமரிக்கும் லைப்ரரி என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கம்போசரை ஓட்டிப் புதுப்பிக்கும் பழக்கம் இல்லாத இடத்தில், வெளியார் லைப்ரரியும் மெல்ல மெல்ல அனாதையான சொந்த நிரலாகிவிடும்.

ஃபிரேம்வொர்க்கோடு வருவது

புதிதாகத் தொடங்கும் தளத்துக்கு நான் தயங்காமல் சொல்வது லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க். 2025 பிப்ரவரியில் வெளியான 12ஆம் பதிப்பின் தொடக்கத் தொகுப்புகளில் பதிவு, லாகின், மீட்பு, மின்னஞ்சல் சரிபார்ப்பு எல்லாம் எழுதப்பட்டே வருகின்றன. மீட்பு இணைப்பு இயல்பாக 60 நிமிடம் செல்லும். ஆயிரக்கணக்கானோர் கண்ணில் பட்டுத் தேய்ந்த நிரல் என்பதே இதன் முதல் பலம். நாளை நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும், லாராவெல் தெரிந்த ஒருவரைப் புதுச்சேரியிலேயே தேடிப் பிடிக்கலாம். சங்கம் போன்ற அமைப்புக்கு, பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு, இது பெரிய விஷயம்.

சின்ன விஷயமானாலும் நமக்குப் பிடித்த ஒன்று: லாராவெலின் பயனர் அட்டவணையில் பெயருக்கு ஒரே ஒரு பெட்டி. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைத்தால், அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்திருக்கும் நம்மவர் அதில் எதைப் போடுவார்? ஒருவர் ஒரு புள்ளியைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார். உறுப்பினர் பட்டியல் பாழாகும்.

இதன் சுமை ஹோஸ்டிங்கில் இருக்கிறது. 12ஆம் பதிப்புக்குப் பிஎச்பி 8.2 வேண்டும். தளத்தின் வேர் கோப்புறையாக ‘பப்ளிக்’ மட்டுமே வெளியே தெரிய வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்கில் முழுத் திட்டத்தையும் வெளியே திறந்து வைத்துவிட்டால், தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் ‘என்வ்’ கோப்பும் வெளியே வந்துவிடலாம். லாகினை எவ்வளவு கவனமாகக் கட்டியிருந்தாலும் அதன்பின் பயனில்லை.

பழைய தளத்தில் லாகின் சேர்ப்பதற்காக மட்டும் முழுவதையும் லாராவெலுக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தளம் கோட்இக்னைட்டர் 4 என்ற ஃபிரேம்வொர்க்கில் இருந்தால் அதன் அதிகாரபூர்வமான லாகின் தொகுப்பான ஷீல்ட் இருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டாம். சிம்ஃபனி என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க் பெரிய குழுக்களுக்கு ஏற்றது. முன்பு சொன்ன 72 பைட் எல்லையை இரண்டுமே கவனித்திருக்கின்றன. ஷீல்ட் பைட்டில் அளந்து மறுக்கிறது. சிம்ஃபனி நீளமானதை முதலில் வேறு ஹாஷால் சுருக்கிவிட்டுப் பிகிரிப்டுக்குத் தருகிறது.

கூகுள் கணக்கால் நுழைவது

கடவுச்சொல்லை நாமே வைத்துக்கொள்ளாமல் இருப்பது பெரிய நிம்மதி. கட்டணமும் இல்லை. கூகுள் தரும் அடையாள டோக்கனில் யாருக்காக வழங்கப்பட்டது, யார் வழங்கியது, எப்போது காலாவதியாகிறது என்ற மூன்றையும் சரிபார்க்க வேண்டும். பயனரை அடையாளம் காண, டோக்கனில் வரும் மாறாத கணக்கு எண்ணைச் சேமிக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியைச் சாவியாக வைத்தால், முகவரி மாறிய அன்று கணக்கும் தொலையும்.

இந்த வழியின் விலை இரண்டு. கூகுள் கணக்கைத் தளங்களில் பயன்படுத்த விரும்பாதவரும், கணக்குக்கான அணுகலை இழந்தவரும் வெளியே நிற்பார்கள். அடுத்தது, நம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் ‘ஆப்’. பல நேரங்களில் அது அதே தளத்தை வெப்வியூவுக்குள் வைத்துத் தருவதுதான். அப்படிப்பட்ட உட்பொதிந்த உலாவிகளில் கூகுள் தன் லாகினை அனுமதிப்பதில்லை. ஆகவே கூகுளை இரண்டாவது கதவாக வைக்கலாம். ஒரே கதவாக வைக்க வேண்டாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசி போன்ற சாதனத்தில் இருக்கும் சாவியால் நுழையும் பாஸ்கீயும் அப்படித்தான்: மிகப் பாதுகாப்பானது, ஆனால் கைபேசி தொலைந்தவருக்கு இன்னொரு வழி தேவை.

எஸ்எம்எஸ் ஓடிபி

வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது இதை. நான் கடைசியில் வைப்பதும் இதையே. இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தைப் பதிவுசெய்ய வேண்டும், அனுப்புநர் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும், செய்தியின் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். அனுப்பும் செய்தி அந்த வாசகத்தோடு பொருந்தாவிட்டால் போய்ச் சேராது. தொழில் ஆவணங்கள் இல்லாத சிறு சங்கம் இங்கேயே நின்றுவிடும்.

ஒவ்வொரு செய்திக்கும் காசு. கட்டுப்பாடு இல்லாத ஓடிபி பக்கத்தை யாராவது ஒரு நிரலை வைத்து இரவு முழுவதும் தட்டினால் மொத்தப் பணமும் கரையும். ஆறு இலக்க எண்ணுக்குப் பத்து லட்சம் சாத்தியங்களே உண்டு. தவறான முயற்சிகளுக்கு எல்லை வைக்காவிட்டால் கணினிக்கு அது பெரிய எண்ணல்ல. பயன்படுத்தாமல் செயலிழந்த சிம் எண் பின்னர் வேறொருவருக்குப் போகும். அவர் கையில் உங்கள் உறுப்பினரின் கணக்கும் போகும்.

புதுச்சேரிக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. 1962இல் பிரான்சுடனான ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. பிள்ளைகள் பலர் அங்கே வாழ்கிறார்கள். பத்து இலக்க இந்திய எண்ணை மட்டும் ஏற்கும் பதிவுப் பக்கம், +33 என்று தொடங்கும் எண் வைத்திருக்கும் பழைய மாணவரை வாசலிலேயே நிறுத்திவிடும். சங்கத்துக்கு நன்கொடையும் ஆர்வமும் வரக்கூடிய பக்கம் அது. அவர்களை ஒதுக்கும் லாகினை நான் கட்டித் தர மாட்டேன்.

சங்கத்துக்கு என் தேர்வு: லாராவெலின் தொடக்கத் தொகுப்பு, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் முதல் கதவு, கூகுள் இரண்டாவது, கைபேசி எண் விருப்பத் தகவல் மட்டும். பதிவில் கேட்கும் விவரங்களையும் குறைத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு வழி வைத்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. டியூஷன் மையத்துக்குத் தளம் செய்பவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு வழியைத் தேர்ந்த பிறகு இன்னொன்றுக்கு மாற முடியுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிஎச்பியின் பாஸ்வேர்ட்_ஹாஷ் உருவாக்கிய பிகிரிப்ட் ஹாஷை லாராவெலும் சிம்ஃபனியும் அப்படியே சரிபார்க்கும். 72 பைட்டுக்கு உட்பட்ட கடவுச்சொற்களுக்குப் பயனரைத் தொந்தரவு செய்யாமல் மாறிவிடலாம். ஃபயர்பேஸ் போன்ற வெளிச் சேவையில் வைத்திருந்தால் ஹாஷ்களை ஏற்றுமதி செய்யலாம், ஆனால் அவை கூகுள் மாற்றியமைத்த ‘எஸ்கிரிப்ட்’ என்ற ஹாஷ் முறையில் இருக்கும். பிஎச்பியின் சொந்த ஃபங்ஷன் அவற்றைப் புரிந்துகொள்ளாது.

எம்டி5இல் மாட்டிக்கொண்டிருக்கும் பழைய தளங்களுக்கும் வழி இருக்கிறது. பயனர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கும் எம்டி5 ஹாஷ் ஒவ்வொன்றையும் பாஸ்வேர்ட்_ஹாஷுக்குள் போட்டு இன்றே மூடிவிட்டு, அந்தக் கணக்குகளுக்கு ஒரு அடையாளம் வையுங்கள். பயனர் வந்ததும் அவர் தட்டியதை முதலில் எம்டி5 ஆக்கி, பிறகு பாஸ்வேர்ட்_வெரிஃபையில் பாருங்கள். பொருந்தினால் அசல் கடவுச்சொல்லை நேரடியாக ஹாஷ் செய்து சேமித்து, அடையாளத்தை நீக்குங்கள். பழைய எம்டி5 பத்தியையும், அது இருக்கும் பழைய பேக்கப் கோப்புகளையும் அதே நாளில் அழித்துவிடுங்கள்.